எட்டாம் படையலும் லினக்ஸ் தேர்வும்

என் மனைவி இறந்த எட்டாம் நாள் மாலை எனக்கு லினக்ஸ் தேர்வு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் சரி. டெங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு என்னோடு நடந்து வந்தவள், வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் வந்தாள். அன்றிலிருந்து பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட மாதிரிதான் இருந்தேன். கடித்தால் கடிபடுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

நான் அழுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் வரிசையில் இருக்கிற வீடுகளிலிருந்து வந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "அழுதுடுங்கண்ணே, உள்ளயே வச்சிக்காதீங்க லா." நானும் முயன்று பார்த்தேன். வரவில்லை. அவள் சந்தைக்குப் போயிருப்பதாகவே உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பியது. எரித்துவிட்டு வந்தவன் நான்தான், இருந்தும் திரும்பியது.

தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையை இனி கமுந்திங் ஊரில் இருக்கிற ஆலையில் புது இயந்திரங்கள் செய்யும். அந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளச் சிலர் வேண்டும், அவர்களுக்கு அவற்றை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். தேறினால் கமுந்திங், தேறாவிட்டால் கைகுலுக்கி, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. வெளியே போனால் எந்தத் தொழிற்சாலைக்காரனும் என்னை நாற்காலி போட்டு உட்கார வைக்கப்போவதில்லை.

எனக்குக் கொடுத்த முதல் தேதி அவள் இறந்த நாளாகப் போய்விட்டது. ஒருமுறை தள்ளி வைத்தார்கள். அடுத்த தேதிதான் கடைசி என்று அலுவலகத்துப் பெண் போனில் மிகவும் வருத்தத்தோடு சொன்னாள். அது எட்டாம் நாள் துக்கத்தில் வந்து விழுந்தது.

தேர்வு என்பது இவ்வளவுதான்: தேர்வாளர் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்க, நான் வீட்டிலிருந்தபடி என் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதில் லினக்ஸை நிறுவி, ஓட வைத்துக் காட்ட வேண்டும். மெய்நிகர் இயந்திரம் என்று எழுத்துத் தமிழில் சொல்கிறார்கள். உன்னிடம் இவ்வளவு நினைவகம் இருக்கிறது, இவ்வளவு பெரிய வட்டு இருக்கிறது என்று அதனிடம் சொன்னால் நம்பிக்கொள்கிறது. தான் இன்னொரு கணினியின் வயிற்றுக்குள் இருப்பது தெரியாமல் நிஜக் கணினி போலவே வேலை செய்கிறது.

அவள் இருந்தபோது தினமும் வேலை விட்டு வந்து இதைப் பழகினேன். முதல் தடவை 'வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்' என்று எச்சரிக்கை வந்ததும் பயந்துபோய் அவளைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேத்து பொறந்த டப்பா, அதுக்குள்ள அழிக்கிறதுக்கு என்னா இருக்கு? அமுக்குங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். அழியப்போவது அந்தப் பொய்க் கணினியின் காலி வட்டு. அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவரு வீட்டுக்குள்ள இன்னொரு வீடு கட்டுறாரு, வாடகைக்கு விடப்போறாராம்" என்று சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாலை நேரங்களில் எங்கள் வீட்டில் பேசுவதும் சிரிப்பதும் அவள் மட்டும்தான்.

காரியங்களைப் பார்த்துக்கொள்ள ஹுத்தான் மெலிந்தாங் தோட்டத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். என் மனைவிக்கு நாத்தனார் என்றாலும், இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிற கூட்டணி. தோட்டத்து முறை எதையும் அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள். தேர்வு என்றதும் முகம் சுளித்தாள்.

"பதினாறு முடியிற வரைக்கும் புதுசா ஒண்ணும் தொடங்கக்கூடாது, தெரியும்தானே?"

"புதுசு இல்லக்கா. பழைய லேப்டாப்தான். அதுக்குள்ளயே ஒண்ணு போடுறோம்."

"அது தனி மெஷினா?"

"தனி மாதிரி. நெசத்துல அப்படி ஒண்ணு கிடையாது."

"இல்லாத ஒண்ணத்தான் போடுறன்னா அது புதுசுல சேராது. போடு" என்றாள். இவ்வளவு சீக்கிரம் லினக்ஸைப் புரிந்துகொண்டவர்களை எங்கள் பயிற்சி வகுப்பில்கூட நான் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் படையலைப் பொழுது சாய்வதற்கு முன் போட்டுவிட வேண்டும் என்று பண்டாரம் நேரம் குறித்திருந்தார். அதற்கு முன்பே என் தேர்வு முடிந்துவிடும் என்பது என் கணக்கு. ஆனால் எனக்கு முந்தின ஆளின் கணினி பாதியில் நின்றுபோய் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாராம். என் முறை வரும்போது அடுப்படியில் கோழிக்குழம்பே இறக்கியாகிவிட்டது.

இணையப் பெட்டி ஹாலில் இருந்தது. அறைக்குள் போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். அதனால் ஹாலிலேயே, தொலைக்காட்சி மேசைக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தேன். அந்த மேசையில்தான் மாலை போட்ட அவள் படம் இருந்தது. தேர்வாளர் ஒரு மலாய்க்காரர். வடக்கே பாரிட் புந்தார் பக்கத்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது, அவரும் அதைச் சொன்னார். நான் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் விதிகளைப் படித்தார். கேமரா கடைசி வரை ஓட வேண்டும். யாரும் கிட்டே வந்து உதவக்கூடாது. இணைப்பு துண்டித்தால் தேர்வு ரத்து. இடத்தை விட்டு எழுந்தாலும் ரத்து. "மஃரிப் தொழுகைக்கு முன்ன முடிச்சிடலாம், என்சிக்" என்று மலாயில், ஐயா போட்டு மரியாதையாகச் சொல்லி முடித்தார்.

தொடங்கினேன். மொழி எது என்று கேட்டது. விசைப்பலகை எது என்று கேட்டது. எந்த ஊர் நேரம் என்று உலகப் படத்தைக் காட்டியது. அதில் ஈப்போ கிடையாது, கோலாலம்பூரை அமுக்கினேன். அந்த வாரம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்டவற்றில் எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள் அவை மட்டும்தான். எப்படி ஆச்சு, முன்னமே கூட்டிட்டுப் போயிருக்கலாமே, இனி என்ன செய்யப்போற என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. இதுவோ கேட்டது, சொன்னேன், அடுத்ததுக்குப் போனது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டபோது அழி என்றேன்.

கோப்புகள் நகலாகிற நீலக் கோடு மெல்ல நகரத் தொடங்கியபோது எனக்குப் பின்னால் இலை போட்டார்கள். இறால் சம்பல், கோழிக்குழம்பு, சந்தைக் கடையில் வாங்கி வந்த அப்பம் பாலிக் என்கிற கடலை அப்பம், பொட்டலம் பிரித்த மீ கோரிங் நூடுல்ஸ், சீனி குறைத்த கோப்பி, ஒரு டம்ளர் தண்ணீர். எல்லாம் அவளுக்குப் பிடித்தவை. கற்பூரம் காட்டி முடித்ததும் அக்கா என் தோளைத் தட்டினாள்.

"எந்திரி. எல்லாரும் வெளிய போலாம். கதவ சாத்தணும்."

இதை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் முறையில் படையலைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். போனவர் வந்து சாப்பிட்டுப் போவார். அதை உயிரோடு இருக்கிற கண் எதுவும் பார்க்கக்கூடாது. அக்கா இதில் மிகவும் கறார். தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் ஒரு வீட்டில் படையல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தவள்.

"கொஞ்சம் இருக்கா, முடியப்போவுது."

"குழம்பு ஆறிப்போச்சுன்னா அவ சாப்புடுவாளா? எந்திரி தம்பி. அத மூடிட்டு வா."

மூடினால் இணைப்பு போகும், பொய்க் கணினியும் நின்றுவிடும், வேலையும் போகும். மூடாவிட்டால் கேமரா ஓடும். நான் எழுந்த பிறகு காலி நாற்காலியும், அதற்குப் பின்னால் அவள் படமும் இலையும் தேர்வாளருக்குத் தெரியும். அக்காவுக்குக் கேமரா விஷயம் தெரியாது. யாருடனோ ரேடியோவில் பேசுவது போல நான் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்.

நான் மலாயில் தேர்வாளரிடம் சொன்னேன். என் மனைவிக்குச் சாப்பாடு வைத்திருக்கிறோம், நாங்கள் கொஞ்ச நேரம் வெளியே போக வேண்டும் என்றேன். மனைவி இறந்துவிட்டாள் என்பதை அதன்பிறகுதான் சொன்னேன். வரிசை மாறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தால் என் வேலை போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இப்ப கோப்புதான் நகலாகுது. நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "எதையும் மூடாதீங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். யாரும் கிட்ட வராம இருந்தா போதும். போயிட்டு வாங்க."

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அக்கா திரையைப் பார்த்தாள். "அது ஓடுதே?"

"ஓடட்டும்க்கா. ஐஸ்பெட்டியும்தான் ஓடுது."

ஐஸ்பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்று கதவைச் சாத்தினாள்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நின்றோம். நான், அக்கா, என் மனைவியின் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள். மச்சான் என் பக்கத்தில் வந்து, "மச்சான், பரீட்ச என்னா ஆச்சு?" என்றான். "ஓடிக்கிட்டிருக்கு" என்றேன். எதிர் வீட்டு மதில் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கேமரா வழியாக ஒரு ஆள் அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. சாப்பிட வரும்போது அன்னிய ஆணைக் கண்டால் கூச்சப்படுவாளே என்று தோன்றியது. அவள் உயிரோடு இருந்தபோதே விருந்தாளி முன்னால் சாப்பிட மாட்டாள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் தோன்றியது. போய் இணைப்பைத் துண்டித்துவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். கமுந்திங் ஞாபகம் வந்தது, நின்றுகொண்டேன்.

போதும் என்று பட்டதும் அக்கா கதவருகே போய்க் கையைத் தட்டினாள். திடுதிப்பென்று திறக்கக்கூடாது, வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மறுபடி தட்டினாள். பிறகு திறந்தாள்.

நான் நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன். நீலக் கோடு முடிந்திருந்தது. மறுதொடக்கம் செய்யவா என்று கேட்டது. தேர்வாளர், "தொடருங்க" என்றார். நிறுவல் வட்டைக் கழற்றச் சொன்னது, கழற்றினேன். திரை கறுத்து மறுபடி ஒளிர்ந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன், உள்ளே விட்டது. அவர் கேட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினேன். கடைசியில், "நல்லா செஞ்சீங்க என்சிக். பாஸ்" என்றார்.

எனக்கு மகிழ்ச்சியும் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு முடித்திருக்க வேண்டும். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"நான் வெளிய இருந்தப்ப, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல" என்றார் உடனே. "நான் கண்ண எடுக்கவே இல்ல. ஒருத்தர்கூட அந்தப் பக்கம் வரல. கவலப்படாதீங்க, அறிக்கையிலயும் அப்படியே எழுதிடுறேன்."

யாராவது வந்து எனக்கு உதவியதாகச் சந்தேகம் கிளம்பிவிடுமோ என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். நன்றி சொல்லி இணைப்பை முடித்தேன்.

எனக்குப் பின்னால் அக்கா தண்ணீர் டம்ளரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்க, கொறஞ்சிருக்கு. வந்து குடிச்சிட்டுத்தான் போயிருக்கா." எல்லோரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். குழம்பின் மேல் எண்ணெய் உறைந்து ஏடு கட்டியிருந்தது. மீ கோரிங்கில் ஒரு இழைகூட அசையவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தமாக வந்தது, நிறுத்த முடியவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

அக்கா ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "என்னாடா? வேல போயிருச்சா?"

"கெடச்சிருச்சுக்கா."

"பொறவு ஏன்டா அழுவுற?"

"அவ வரலக்கா" என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.