பின்கதவு விசில்

இது நடந்தது. நான் கணக்கு வாத்தியார். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தது நானும் என் மனைவியும்தான். வலது கையில் மாவுக்கட்டு. அவருடைய கைப்பைக்குள் ஒரு பல் கிடந்தது. முழுப் பல், வேரோடு. அது டீச்சருடைய பல் இல்லை.

நடுராத்திரி, சுடுகாடு என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பட்டப்பகல். சாப்பிட்டுவிட்டு நாமெல்லாம் கண் சொக்கி உட்கார்ந்திருக்கிற நேரம்.

டீச்சருக்குப் பாம்புக் காது. நாற்பது பிள்ளைகள் பாடும்போது, கடைசி பெஞ்சில் ஒருத்தி வாயை மட்டும் அசைத்து ஏமாற்றினாலும் பிடித்துவிடுவார். புதிதாக ஒரு பாட்டு வந்து நாங்கள் எல்லாரும் சொக்கிப்போயிருக்கும்போது, "இது போன வருஷம் வந்ததுக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்று சொல்லி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

அவருக்குச் சொந்தத் தம்பி ஒருவன் இருந்தான். நான்கு பேர் சேர்ந்து நடத்திய ஒரு பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்தான். பேருந்தில், கல்யாணத்தில், கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் அவர்கள் பாட்டுதான். எல்லாப் பாட்டிலும் 'இசை' என்ற இடத்தில் குழுவின் பாடகர் பெயர் மட்டும். "அத்தனையும் என் தம்பி போட்ட மெட்டு" என்பார் டீச்சர். பாசத்தில் சொல்கிறார் என்று நாங்களும் தலையாட்டி வைப்போம்.

மூன்று வருடத்துக்கு முன் அவன் செத்துப்போனான். ஒலிப்பதிவுக் கூடத்துப் படியில் உருண்டு விழுந்துவிட்டான் என்றார்கள். விலா நொறுங்கியிருந்தது. தாடை உடைந்திருந்தது. இரண்டு கை விரல்களும் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தன. படியில் விழுந்தால் விரல் எப்படிப் பின்னால் மடங்கும் என்று டீச்சர் கேட்காத ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் அந்த இசைக் கம்பெனி டீச்சரைத் தேடி வந்தது. குழு கலைந்துவிட்டது, ஆனால் வெளிவராத பாட்டு பன்னிரண்டு கைவசம் இருக்கிறது. தம்பி சாவதற்கு முந்தைய சில மாதங்களில் பதிவு செய்தவை. அவற்றை வெளியிடலாம் என்றால், பழைய மெட்டையே திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று பயம். எது எங்கே திரும்ப வருகிறது என்று கேட்டுக் குறித்துத் தர வேண்டும். டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் கணக்கு வேறு. தம்பி மற்றவர்களுக்கு மெட்டுச் சொல்லிக்கொடுக்கிற குரல் ஓர் இடத்தில் அகப்பட்டால் போதும். ஒரு பாட்டிலாவது அவன் பெயர் வரவேண்டும்.

தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது அந்தக் கூடம். இறங்கும்போதே டீச்சருக்குச் சுருக்கென்றது. படி மொத்தமே ஏழெட்டுதான். அதிலும் மெத்தென்று கம்பளம் விரித்திருந்தார்கள். இதில் விழுந்தா ஒருவன் சாவான்?

உள்ளே ஒலிக்கருவிகள் பதித்த நீள மேசை. எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டாக ஒரு சின்ன அறை, பாடுகிறவர் நின்று பாடுவதற்கு. அதன் கதவு ஒரு சாண் தடிமன். கதவின் இரும்புக் கைப்பிடியை ஒயரால் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள்.

"அது என்னங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"கதவுல கோளாறு. ரொம்ப நாளா அதுக்குள்ள யாரும் போறதில்ல" என்றார் ஆப்பரேட்டர். வழுக்கைத் தலை, ஐம்பது வயது இருக்கும். குழு இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை. சொல்லும்போது கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

வேலை தொடங்கியது. ஒரு பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கேட்கலாம். டிரம்ஸ் மட்டும், கிதார் மட்டும், குரல் மட்டும். முதல் பாட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கிதாருக்கு அடியில் ஐந்தே ஸ்வரத்தில் ஒரு துணுக்கு. மூன்றாவதில் அதே துணுக்கு, வேகம் குறைந்து. நான்காவதில் டிரம்ஸ் சத்தத்துக்குப் பின்னால் மறுபடியும் அதுதான். சரக்குத் தீர்ந்துவிட்டது போல என்று டீச்சர் சிரித்துக்கொண்டே குறித்தார்.

ஒன்றுதான் இடித்தது. அந்தத் துணுக்கை யாரும் வாசிக்கவில்லை. கிதாரைத் தனியாகக் கேட்டால் இல்லை. டிரம்ஸைத் தனியாகக் கேட்டால் இல்லை.

"இன்னும் எதாவது மைக் இருக்கா?"

ஆப்பரேட்டர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த ரூமுக்குள்ள ஒண்ணு இருக்கு. கழட்டாம விட்டுட்டோம்."

"அதைப் போடுங்க."

போட்டார். மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினார்.

விசில்.

டீச்சர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அது மெட்டு இல்லை. சின்ன வயதில் தம்பி தாமதமாக வந்தால் அப்பா வாசலைப் பூட்டிவிடுவார். அவன் பின்பக்கம் வந்து இப்படித்தான் விசிலடிப்பான். டீச்சர் பூனை மாதிரி போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிடுவார். அக்கா, கதவைத் திற என்று அதற்கு அர்த்தம். இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது.

"உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது டீச்சர்."

விசில் முடிந்தது.

தப்.

ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். யாரோ முனகினார்கள்.

அடுத்த பாட்டு. விசில். தப். தப். அதற்கடுத்த பாட்டு. விசில். பிறகு குச்சி முறிவது போல ஒரு சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. எட்டாவது பாட்டில் நகத்தால் கதவைப் பிறாண்டினார்கள். பன்னிரண்டாவதில் விசில் வரவில்லை. வாய் நிறைய ரத்தம் இருக்கிறவன் பேசுவது போல, "அக்கா... தொறக்கா..."

டீச்சர் கணக்குப் போட்டுவிட்டார். இந்த அறைக்குள் பூட்டி வைத்து, மெட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். மாதக்கணக்காக. பக்கத்திலேயே டிரம்ஸ் வாசித்துக்கொண்டு.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். பாடகர். கம்பெனி அவருக்கும் தகவல் சொல்லியிருந்தது.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? நிறுத்துய்யா!"

ஆப்பரேட்டர் எல்லாவற்றையும் அணைத்தார். டீச்சர் எழுந்தார், மேசைமேல் கிடந்த ஹெட்போனை எடுத்து அதனாலேயே பாடகரின் முகத்தில் ஓங்கி அடித்தார். ஒரு எறும்பைக்கூட நசுக்காதவர். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"என் தம்பிய அடிச்சியா?"

"அக்கா, கேளுக்கா..."

"என்னை அக்கான்னு கூப்பிடாத! அடிச்சியா?"

"ஒரு அறை விட்டேன். ஒண்ணே ஒண்ணு. ஒரே மெட்டத் திருப்பித் திருப்பிக் குடுத்தான். என்னடான்னா, அந்த ரூம்ல இருந்து வருதுங்கறான். கோவத்துல அடிச்சிட்டு வெளிய போயிட்டேன். சத்தியமா அவ்ளோதான்..."

"பொய்!"

விசில்.

மூன்று பேரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அது அணைந்து கிடந்தது. மேசையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

மறுபடியும் விசில். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

டீச்சர் ஓடினார். ஒயரைப் பிய்த்தார்.

"டீச்சர், வேணாம்! அது..." ஆப்பரேட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

பாடகர் பாய்ந்து டீச்சரின் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். டீச்சர் அவர் மணிக்கட்டைக் கடித்தார். சதை பிய்ந்து வாயில் வந்தது. துப்பினார். கைப்பிடியை இரண்டு கையாலும் இறக்கினார்.

கதவு திறந்தது.

உள்ளே ஒரு ஸ்டூல். ஒரு மைக். வேறு ஒன்றும் இல்லை.

தப்.

பாடகரின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. யாரும் அவரைத் தொடவில்லை.

தப். மூக்கு. தப். வாய். பல் தெறித்து மேசைமேல் விழுந்து உருண்டு, திறந்திருந்த டீச்சரின் கைப்பைக்குள் போனது.

யாரோ தூக்கினாற்போல் பாடகர் எழும்பினார். கண்ணாடியில் மோதினார். கண்ணாடி விரிசல் விட்டது. மறுபடியும் மோதினார். உடைந்தது.

பிறகு விரல். முதலில் சுண்டுவிரல். மெதுவாக... பின்னால்...

முறிந்தது.

"அக்கா... போதும்னு சொல்லுக்கா... நீ சொன்னா கேப்பான்..."

டீச்சர் சொல்லவில்லை.

அடுத்த விரல்.

சொல்லவில்லை.

இதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் தலை குனியவில்லை. "நல்லா இருந்துச்சு சார்" என்றார்.

எல்லா விரலும் முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"போதும்டா."

நிற்கவில்லை.

"டேய், போதும்! அக்கா சொல்றேன்ல!"

நிற்கவில்லை... விலா நொறுங்குகிற சத்தம்...

டீச்சர் நடுவில் புகுந்து கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே எதுவோ பிடித்தது. நிதானமாகத் திருகியது.

படார்.

ஆப்பரேட்டர் தவழ்ந்து போய்க் கதவை உதைத்து மூடியிருந்தார். சத்தம் நின்றது. பாடகர் மூட்டையாகக் கீழே விழுந்தார்.

பாடகர் பிழைத்தார். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இனிமேல் பாட முடியாது. கண்ணாடி உடைந்து விபத்து என்று எழுதி முடித்தது போலீஸ். கம்பெனிக்காரர்கள் அந்த மைக்கைப் போட்டுக் கேட்டுவிட்டு, வெறும் இரைச்சல்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் கலங்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தம்பி வந்தான், கணக்கைத் தீர்த்தான். தன் கையை முறித்ததுகூட அவனுக்குக் கோபத்தில் கண் தெரியாததால்தான் என்றார். பாக்கி இருந்தது அவன் பெயர் மட்டும்.

பத்து நாள் கழித்து ஆப்பரேட்டர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் உட்காருவதற்குள் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும்தான் கேட்டீங்க அந்த விசில. கம்பெனில வந்து சொல்லுங்க. என் தம்பி அதுக்குள்ள இருந்தான், அவன் மெட்டுதான்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

ஆப்பரேட்டர் தலையை ஆட்டினார்.

"நான் விசில் கேக்கல டீச்சர்."

"என்ன சொல்றீங்க? கேக்குதுன்னீங்களே!"

"எங்கம்மா. சாப்பிட வாடான்னு கூப்பிட்டாங்க. அவங்க செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அந்த மைக்கப் போட்டாலே எனக்கு அதான் கேக்குது. பாடகருக்கு அவரோட குழந்தை அழுவுற மாதிரி கேக்கும். அதனாலதான் அவர் அந்த ரூமுக்குள்ள போறதையே விட்டாரு. ஆளுக்கு ஒண்ணு டீச்சர். எதைக் கேட்டா நம்ம ஓடிப்போய்க் கதவைத் தொறப்பமோ, அது."

"அப்ப என் தம்பி?"

"அன்னிக்குப் பாடகர் அடிச்சிட்டுப் போனதும், உங்க தம்பி நேரா அந்தக் கதவுகிட்ட போனான். நான் இடுப்பப் புடிச்சு இழுத்தேன். உதறிட்டான். 'விடுங்கண்ணே, எங்கக்கா உள்ள மாட்டிக்கிட்டா, தொறடா தொறடான்னு கத்தறா'ன்னுட்டுத் தொறந்தான்."