வண்டியைத் தூக்க வந்த தம்பி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. பேப்பரை எடுத்து வைப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன். வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு இதனால் கெடுதல் வந்துவிடுமோ என்ற பயம். இப்போது அவரே, "எழுதுங்க அக்கா, பேரு மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம். என் கணவர் டாக்சி டிரைவர். பிள்ளை பிறப்பதற்கு முந்தைய வருடம், அடுத்தவர் வண்டியை ஓட்டியது போதும் என்று சொந்தமாக ஒரு பழைய கார் வாங்க ஆசைப்பட்டார். பேங்கில் கடன் கொடுக்கவில்லை. எங்கள் சபைக்கு வருகிற ஒரு பிரதர் தனியாக பைனான்ஸ் செய்துவந்தார். "வெளியாளுங்ககிட்ட எதுக்குப் போறீங்க பிரதர், நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

ஜெபம் பண்ணாமல் நாங்கள் எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டோம். அன்றைக்கும் அவர் வீட்டு மேஜையில் பேப்பர்களைப் பரப்பி வைத்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடினோம். அவர்தான் ஜெபித்தார். கல்யாணமாகி வெகுநாளாகியும் எனக்குப் பிள்ளை இல்லாத குறையையும் சேர்த்துச் சொல்லி ஜெபித்தார். நான் அழுதே விட்டேன். ஆமென் சொல்லி முடித்ததும், அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் என் கணவர் கையெழுத்துப் போட்டார். பாதிப் பேப்பரில் எழுத்தே இல்லை. ஆனால் அப்போதுதான் ஜெபம் பண்ணி முடித்த பேப்பரைத் தூக்கி, இது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பது எங்களுக்கு ஆண்டவரையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. ஆர்.சி. புக்கையும் வண்டியின் இரண்டாவது சாவியையும் அவரே வைத்துக்கொண்டார். எங்கள் கையில் ஒரு நகல்கூட இல்லை.

தவணையை ஒழுங்காகத்தான் கட்டினோம். நடுவில் என் கணவருக்கு டெங்கு வந்து ஒரு மாதம் தவறியது. அதையும் அடுத்த மாதமே சேர்த்துக் கட்டிவிட்டோம். ஆனாலும் அந்த ஒரு மாதத்துக்கு வட்டி, அந்த வட்டிக்கு வட்டி என்று பாக்கி குறையவே இல்லை. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால், "என்மேல விசுவாசம் இல்லையா சிஸ்டர்?" என்பார். தவணையை எண்ணி வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அன்று குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு எங்கள் காரிலேயே திரும்பிக்கொண்டிருந்தோம். வழியெல்லாம் வீறிட்டு அழுதவள், வீடு நெருங்கும் நேரத்தில்தான் என் மடியில் கண்ணயர்ந்தாள். திடீரென்று இரண்டு பைக்குகள் குறுக்கே வந்து நின்றன. மூன்று பேர். என் கணவரை இறக்கி, இரண்டு பேர் ஓரத்து டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஆள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் கையில் எங்கள் இரண்டாவது சாவி.

"அக்கா, இறங்குங்க. வண்டி சீஸ் ஆகுது."

கார் போனால் எங்களுக்குச் சோறு இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் என் வாயில் வந்தது வேறு. "இப்பதான் தூங்குச்சு தம்பி. ஊசி போட்டிருக்கு. முழிச்சதும் நானே இறங்கிடறேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "எவ்ளோ நேரம் தூங்கும்?"

"அதை நான் எப்படிப்பா சொல்றது?"

தலையைச் சொறிந்தார். பிறகு ஏ.சி. காற்று குழந்தை முகத்தில் அடிக்காதபடி முன்னால் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். வண்டியைத் தூக்க வந்தவர், என் பிள்ளை முழிப்பதற்காகக் காத்திருந்தார்! நான் கண்ணை மூடி, ஆண்டவரே யாரையாவது உதவிக்கு அனுப்பும் என்று வேண்டினேன். அனுப்பியாகிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "ஏனோ, ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டான். என்னடா, ஆச்சா என்று. இவர், "மகு மல்கிதே, இரோ" என்றார். குழந்தை தூங்குது, இருடா என்று. வெளியே சிரிப்பு. சீஸ் பண்ண வந்தாயா, தொட்டில் ஆட்ட வந்தாயா என்று கேலி.

சும்மா இருக்க முடியாமல் அவர் பேச்சுக் கொடுத்தார். எத்தனை தவணை நிற்கிறது என்று கேட்டார். ஒன்றும் நிற்கவில்லை என்று சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். ஜெபம் பண்ணிக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நோட்டீஸ் எதுனா வந்துச்சா?"

"இல்லப்பா."

"லைசென்ஸ் இருக்கிற கம்பெனியா இருந்தா ஆர்.சி.ல அவங்க பேரு ஏறியிருக்கும் அக்கா. எனக்கு ஜெராக்ஸ் குடுத்தாங்க, பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல. மூணு தவணை டியூன்னுதான் உங்க பிரதர் எங்ககிட்ட சொன்னாரு."

அப்போது குழந்தை முழித்துக்கொண்டாள். சொன்ன சொல்லுக்கு இறங்கியாக வேண்டுமே என்று பையை எடுத்தேன். அவர் பின்னால் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார். அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவர் தெருவையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் மெதுவாகச் சொன்னார்:

"முழிச்சாலும் இறங்காதீங்க அக்கா. உள்ள ஆளு இருந்தா இழுத்துப் போட எங்களுக்கு ரைட்ஸ் இல்ல. அண்ணன்கிட்ட ஒரு பேப்பர் நீட்டுவாங்க, வண்டியை நானே மனசார ஒப்படைக்கிறேன்னு இருக்கும். போட வேணாம்னு சொல்லுங்க. போலீசுக்குப் போன் பண்ணுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

கண்ணுக்கு எதிரே நிற்கிற கணவருக்கு நான் போன் போட்டேன். "என்னங்க, எதுலயும் கையெழுத்து போடாதீங்க" என்றேன். பிறகு போலீசுக்கு. நம்பரைத் தப்பாக அழுத்தி, மறுபடியும் அழுத்தினேன்.

மறுபடியும் கண்ணாடி தட்டப்பட்டது. என் மகள் அவர் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். அவரோ முகம் மாறாமல், "இன்னும் எழுந்துக்கல" என்றார்.

போலீஸ் வரும்வரை இரண்டு தடவை அதையே சொன்னார்.

ஸ்டேஷனுக்கு அந்த பிரதரை வரவழைத்து, பைனான்ஸ் நடத்த லைசென்ஸைக் காட்டு என்றதும் அவரால் எதையும் காட்ட முடியவில்லை. கோர்ட்டில் இலவசமாக உதவுகிற ஒரு வக்கீலம்மா, நீங்களும் நுகர்வோர்தான், உங்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் பெயரில் மனு போட்டுக்கொடுத்தார். நிறைய அலைந்தோம். கடைசியில் நியாயமாகச் சேரவேண்டிய பாக்கியை மட்டும் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். வெறும் பேப்பர்களும், ஆர்.சி. புக்கும், அந்த இரண்டாவது சாவியும் திரும்பி வந்தன. இப்போதும் ஜெபம் பண்ணித்தான் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் முதலில் படித்துவிட்டு, அப்புறம்தான் கண்ணை மூடுகிறோம்.

அந்தத் தம்பியின் குட்டு கூட்டாளிகளுக்கு வெளிப்பட்டு, அவர் வேலை போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். என் கணவர் விசாரித்துக்கொண்டே போய், நீலசந்திராவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தார். வேலையில்லாமல் இருந்தார். அன்று முதல் பகலில் என் கணவரும் ராத்திரியில் அவரும் அதே காரை ஓட்டுகிறார்கள். எங்களிடமிருந்து வண்டியை எடுத்துப்போக அவர் கொண்டுவந்த அதே சாவியை, என் கணவர் அவர் கையிலேயே கொடுத்தார். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் எதையும் கூட்டிச் சொல்லவேண்டாம். என்னைத் தைரியசாலி ஆக்காதீர்கள், நான் நடுங்கினேன். அவரைத் தேவதூதன் ஆக்காதீர்கள், அவர் வண்டியைத் தூக்கத்தான் வந்தார். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள், ஏனென்றால் ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதிலை, நான் பயந்துகொண்டிருந்த அந்த ஆளின் வாயிலேயே வைத்திருந்தார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எந்த முகத்தைப் பார்த்தும் சட்டென்று பயப்பட எனக்கு மனம் வருவதில்லை.