அடுத்தவர் பேக்கேஜுக்குள் மூன்று வரிகள்

அந்த மூன்று வரிகளை எழுதியது நீங்கள், மேனேஜர் சார். பழியைச் சுமந்துகொண்டு வெளியே போனது டெஸ்டிங் அக்கா. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லவும் விருப்பமில்லை.

பெங்களூர் அடுகோடியில் கீழே டயர் கடை, மேலே நம் ஆபீஸ். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அக்கா நீலசந்திராவிலிருந்து நடந்தே வருவார். நம் ஆபீஸில் அவருக்குப் பன்னிரண்டு வருட வேலை. நாங்கள் எழுதியதைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. இன்னொருவர் எழுதியதை நான் படித்து ஓகே கொடுத்தால், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "தம்பி, படிச்சுட்டு ஓகே போட்டியா, பாத்துட்டு ஓகே போட்டியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

புதிதாக ஒரு மருத்துவமனை வந்தது. அங்கே தேதியில் முதலில் நாள், பிறகு மாதம் என்று எழுதுவார்கள். தேதியைப் படிக்க நாம் பயன்படுத்திய பேக்கேஜோ, அந்த ஆயத்த மென்பொருள் துண்டு, மாதத்தை முதலில் படிக்கும். எங்கோ இருக்கும் யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது அது. நமக்கென்று தனியாக ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் சில வரிகள், எழுதி, தேவையான இடத்தில் மட்டும் அதைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாள் வேலை. நீங்கள் அதைச் செய்யவில்லை. பேக்கேஜுக்குள் இருந்த ஃபங்ஷனை ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் உங்களுடையதை உட்கார வைத்தீர்கள். நம் புரோகிராம் எழுந்ததும் முதலில் ஓடுவது அந்த மூன்று வரிகள்தான். அந்த ஃபைலுக்கு 'தற்காலிகம்' என்று பெயர் வைத்தீர்கள்.

அக்கா உங்கள் மேஜைக்கே வந்தார். "சார், அது அடுத்தவங்க எழுதினது. உள்ள யாரு யாரு அதைக் கூப்பிடுறாங்கன்னு நமக்குத் தெரியுமா?"

"நான் என்ன அவங்க வீட்டுக்குள்ள போயா மாத்துறேன்? நம்ம புரோகிராம்லதான மேடம்."

"நம்ம புரோகிராம்ல எல்லாரும் ஒரே சட்டியிலதான் சார் சாப்பிடுறாங்க. ஒருத்தருக்கு உப்பு பத்தலன்னு சட்டியிலயே கொட்டுறீங்க."

"ஆய்த்து, பிடி மேடம்" என்று கன்னடத்தில் பேச்சை முடித்துவிட்டீர்கள். முடிந்தது, விடுங்கள் என்று. நானும் ஓகே போட்டேன். படிக்கவில்லை. பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனைக் கருவிகள் அனுப்பும் ரிப்போர்ட்டைப் படிக்க நம்மிடம் வேறொரு பேக்கேஜ் இருந்தது. அதுவும் உள்ளுக்குள் அதே ஃபங்ஷனைத்தான் கூப்பிடும். அந்தக் கருவிகள் மாதத்தை முதலில் எழுதுபவை. அவை எழுதிய மார்ச் நான்கு, நம் திரையில் ஏப்ரல் மூன்றாக வந்தது. மார்ச் இருபத்தெட்டு போன்றவை மட்டும், இருபத்தெட்டாம் மாதம் கிடையாது என்பதால், சரியாகவே வந்தன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் ஒரு டீச்சரம்மாவுக்கு, மார்ச் கடைசியில் எடுத்த ரிசல்ட் கீழே போய், மாதத் தொடக்கத்தில் எடுத்தது மேலே வந்து நின்றது. டாக்டர் அதை நம்பி, மருந்து போதவில்லை என்று மாத்திரையைக் கூட்டினார். மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் அந்த அம்மா இரண்டு வாரம் வார்டில் கிடந்தார்.

அக்கா தன் சோதனைகளை மறுபடி ஓட்டினார். எல்லாம் பச்சை, சரி என்றே காட்டின. இரண்டு நாள் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். சோதனையில் 'வரவேண்டிய தேதி' என்று அவர் எழுதி வைத்திருந்ததையும் அதே ஃபங்ஷன்தான் படித்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாகப் படித்தால் பொருந்தத்தானே செய்யும்?

கண்ணாடி அறையில் எல்லோர் முன்னாலும் அவர் இதை விளக்கியபோது நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "கையெழுத்து உங்களுதுதான மேடம்?"

"என்னுதுதான் சார்."

அவ்வளவுதான். அன்று மதியமே அவருடைய ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் தெரிந்த நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேறு கம்பெனிகளின் இன்டர்வியூக்களில் அக்கா தேறினார். ஆனால் அவர்கள் நம் ஆபீஸுக்குப் போன் போட்டு விசாரித்ததும் பேச்சு நின்றுவிடும். இப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். போன மாதம் பார்க்கப் போனேன். உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். "விடு தம்பி. உன் வேலையும் போயிடும். எனக்கு இனிமே யாரு கூப்பிட்டு வேலை குடுக்கப் போறாங்க" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். 'தற்காலிகம்' இன்னும் ஓடுகிறது. அதன் தவறை மறைக்க அதன்மேல் இன்னும் இரண்டு ஃபங்ஷன்களை மாற்றியிருக்கிறார்கள். எடுத்தால் எது விழும் என்று யாருக்கும் தெரியாது. எடுக்க மாட்டார்கள்.

நீங்கள் இப்போது மேடைகளில் மென்பொருள் தரம் பற்றிப் பேசுகிறீர்கள். நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். படிக்காமல் ஓகே போட்டது நான் என்று இங்கே எல்லோரும் பார்க்க எழுதிவிட்டேன். அந்த வரிகளை எழுதியது யார் என்று, அடுத்த மேடையில் மைக்கைப் பிடித்து நீங்கள் சொல்லுங்கள்.