கூரைக்கு ஏற்றிய கோவைக்கொடி

எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் கக்கூஸ்தான். சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. வெயில் காலத்தில் காலை பத்து மணிக்கே உள்ளே நிற்க முடியாது. ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டையே வாரி நம் முகத்தில் அடிக்கும். சாயங்காலம் மணலிப் பக்கம் சூரியன் இறங்குகிறவரைக்கும் மேற்குச் சுவர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கென்ன, வாசலில் உட்கார்ந்தாவது பொழுதைத் தள்ளிவிடுவேன். என் வீட்டுக்காரருக்குப் பகலில்தான் தூக்கம். அவர் ஹார்பரில் கிரேன் டிரைவர், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடிந்து வந்து சாப்பிட்டுப் படுப்பார். கண் அசந்ததும் ஷீட் காய ஆரம்பித்துவிடும். பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை அலைவார். ஷீட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டுப் பார்த்தோம். குடிக்கிற தண்ணீருக்கே லாரி பின்னால் குடத்தோடு ஓடுகிற ஊரில் கூரைக்கு எங்கே போய் ஊற்றுவது?

ஒரு புரட்டாசியில், மழை வருவதற்கு முன் வெயில் கொளுத்துமே, அப்போதுதான் அது நடந்தது. சரக்குக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, இவர் கிரேனில் கண் மூடிவிட்டார். கீழே நின்றவர்கள் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உன்ன கிரேன்ல ஏத்த மாட்டேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அவரே இதை என்னிடம் சொன்னார். வேலை போனால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். கீழே நிற்கிறவன் தலையில் அந்தக் கட்டு விழுந்தால்?

அதே வாரம் ஒரு மத்தியானம் கக்கூஸுக்குப் போனவர் வெளியே வரவே இல்லை. தட்டுகிறேன், கூப்பிடுகிறேன், பதிலே இல்லை. பயந்துபோய் ஓங்கி ஒரு உதை விட்டேன், கொக்கி தெறித்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்!

"இன்னாய்யா, படுக்கறதுக்கு இந்த எடந்தான் கெடச்சுதா?"

"வுடுமே. இங்கதான் கொஞ்சம் ஜில்லுன்னு கீது."

அவர் சொன்னது சுருக்கென்று மண்டையில் ஏறியது. அதே ஷீட், அதே வெயில். இங்கே மட்டும் ஏன் ஜில்லென்று இருக்கிறது? வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் தானாக முளைத்த கோவைக்கொடி கக்கூஸ் கூரை முழுக்கப் படர்ந்து, ஷீட்டே தெரியாமல் மூடியிருந்தது. இலைக்கு அடியில் கையை விட்டு ஷீட்டைத் தொட்டேன், சுடவில்லை. வீட்டுக் கூரையைத் தொட்டேன், அம்மாடி! விரலை உதறிக்கொண்டு ஓடிவந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பியதும், வீட்டுக் கூரைக்கும் கொடி ஏற்ற மண் வேண்டுமே என்று கடப்பாரையை எடுத்தேன். மேற்குச் சுவரை ஒட்டி அவரே கலவை குழைத்துப் பூசிய சிமெண்ட் தரை இருந்தது. தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் பக்கவாட்டிலும் சிமெண்ட் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. அதை மொத்தமாகப் பெயர்த்துப் போட்டேன். காலையில் வந்தவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! பாத்துப் பாத்துப் போட்டேனே, இன்னா வேல பண்ணிக்கீற?"

"அது பகலெல்லாம் சூட்டக் குடிச்சிட்டு செவுத்துல துப்புதுய்யா. உனக்குத் தூக்கம் வேணுமா, சிமெண்டு வேணுமா?"

கோபத்தில் அன்றைக்கு அவர் சாப்பிடாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி வேறு வந்துவிட்டாள். "கொடி வுட்டா பாம்பு வரும்கா, வூடே கலீஜாயிடும்" என்றாள். "வரட்டும், அதுவாச்சும் நல்லா தூங்கட்டும்" என்றேன்.

மழை விழுந்ததும் கோவைத் தண்டை வெட்டிச் சுவரோரம் வரிசையாக நட்டேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர் எல்லாம் அதற்கே போனது. கொடி படர்வதற்கு என் அண்ணன் காசிமேட்டிலிருந்து கிழிந்த மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்தான். ஆசை ஆசையாக அதைக் கூரை மேல் விரித்தோம். மீன் நாற்றம் பிடித்துத் தெருவில் இருக்கிற பூனையெல்லாம் கூரைக்கு வந்துவிட்டது. மத்தியானம் முழுக்கத் தடதடவென்று ஓட்டம், சண்டை, ஊளை. வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் அவருக்குப் போனது. நான் அண்ணனைத் திட்டினேன், இவர் என்னைத் திட்டினார். வலையை இறக்கிச் சோப்புப் போட்டுத் துவைத்து மறுபடி விரித்தால், ஷீட்டில் ஒட்டிக் கிடந்த கொழுந்தெல்லாம் சூட்டில் கருகியது. நான் அழுதே விட்டேன். அண்ணன்தான் சவுக்குக் கழிகளை நட்டு, வலையை ஷீட்டில் படாமல் உயரத் தூக்கிக் கட்டினான். அதற்கப்புறம் கொடிக்கு வந்தது பாருங்கள் வேகம்! பங்குனிக்குள் கூரையும் மேற்குச் சுவரும் பச்சையாகிவிட்டன.

ஆனாலும் கத்திரி வெயிலை நினைத்தால் எனக்கு உதறல்தான். அந்த வெயிலில் ஒரு நாள் சமையலை முடித்துவிட்டு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். உச்சிப் பொழுதில் கரண்ட் போனது. போச்சுடா, ஃபேன் நின்றிருக்கும், எழுந்து உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் வைது தீர்ப்பார், ராத்திரிக்கு அந்தக் கண்ணோடு கிரேன் ஏறுவார் என்று பதறி, வரிசையை விட்டு ஓடிவந்தேன். தெருவே வெளியில் நின்று விசிறிக்கொண்டிருந்தது. மெல்லக் கதவைத் தள்ளினேன். அசையாத ஃபேனுக்குக் கீழே கவிழ்ந்து படுத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

வாசலுக்கு வந்தேன். "ஏய், கத்தாதீங்க! எங்க வூட்டுக்காரு தூங்குறாரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த நேரம் என் தலைக்கனம் எனக்கே தெரிந்தது. இருக்கட்டுமே, எனக்கு இல்லாத தலைக்கனம் வேறு யாருக்கு?

ஷிஃப்டுக்கு நேரமாகிறதே என்று நான்தான் தட்டி எழுப்பினேன். அப்போதும் கரண்ட் வந்திருக்கவில்லை. சோம்பல் முறித்தபடி மேலே பார்த்தார்.

"ஃபேன் நின்னுகினு கீது. கரண்ட் இப்பதான் போச்சா?"

"ஆமாய்யா, இப்பதான்" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவருக்குச் சாப்பாடு கட்டப் போனேன்.