அடியில் கைவிட்டுப் பார்ப்பவன்

ஜெர்மனியில் உருளைக்கிழங்கைக் காகிதப் பையில் போட்டு ஒட்டி விற்கிறார்கள். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பையைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்ப்பேன். "உள்ளே எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கடைக்காரம்மா ஒருநாள் பரிவோடு கேட்டார். திண்டிவனத்தில் என் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி. மூட்டையின் அடிக்காயை உடைத்து வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பேச்சையே தொடங்குவார். அந்தச் சந்தேகபுத்திதான் அவர் எனக்கு விட்டுப்போன சொத்து.

இங்கே தரவுத்தளம் வடிவமைக்கிறேன். கணக்குப் போடும் இயந்திரம் ஓரிடத்தில், நினைவகம் வேறிடத்தில், சேமிப்பு இன்னோரிடத்தில். நினைவகம் சட்டென்று பதில் சொல்லிவிடும். ஆனால் சேமிப்பில் விவரம் மாறியிருந்தால், அது தெரியாமல் பழையதையே ஒப்பிக்கும். அதனால் ஒவ்வொரு பதிலையும் சேமிப்போடு ஒத்துப்பார்க்கும்படி எழுதியிருந்தேன். எல்லாமே மெதுவாகிவிட்டது. நினைவகப் பகுதியை எழுதிய மார்ட்டினுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ நம்பாதது யாரை? என்னையா?" என்றான்.

அந்த ஞாயிறு ஊருக்குப் பேசினேன். "அம்மா ஜம்முனு நடந்துக்கினு இருக்காங்கடா" என்றான் அண்ணன். மூன்று வாரமாக ஒரு சொல்கூட மாறாத பதில். எனக்கு உறுத்தியது. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"பூசைக்குப் போனியாம்மா? எங்க உக்காந்த?"

"எப்பவும் போல மாதா சுரூபத்துக்குப் பக்கத்துலதான்."

ஆனால் கோயில் கூரையைப் பிரித்துப் போட்டு வேலை நடக்கிறது, இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்தில்தான் பூசை என்று ஊர் நண்பன் படம் அனுப்பியிருந்தான். அண்ணன் கோயில் பக்கமே போகாதவன். அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை.

அண்ணனை விடாமல் குடைந்தேன். "வழுக்கி உழுந்து இடுப்பெலும்பு உட்டுப்போச்சுடா. நீ அங்க பேஜாராயிடுவன்னு அம்மாதான் சொல்லாதன்னாங்க" என்று அழுதான். ஆத்திரத்தில் அவனைத் திட்டிவிட்டு, விமானச் சீட்டு எடுத்தேன்.

கட்டிலில் அம்மா பாதியாக இளைத்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, "அங்க ஒழுங்கா சாப்புடுறியா?"

"மூணு வேளையும் சமைச்சுதாம்மா சாப்புடுறேன்."

பல நாள் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுப்பவன் நான். அம்மா என்னைக் கிட்டே இழுத்தாள். என் சட்டைக் காலருக்குள் கையை விட்டு, தோளெலும்பைத் தடவிப் பார்த்தாள்.

அப்போது என் பையிலிருந்த போன் அதிர்ந்தது. மார்ட்டின். "நீ எழுதிய சரிபார்ப்பை எடுத்துவிடுகிறேன். சம்மதமா?"

"எடுக்காதே" என்று ஒரு கையால் எழுதி அனுப்பினேன். அம்மா இன்னும் கையை எடுக்கவில்லை.