பாய்லர் மச்சான் இங்கிலீஷைக் கழற்றிய விதம்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. ஒன்பது வருடமாக அது பின்னோக்கி ஓடுகிறது. பழுதாகி நின்றிருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். அது நிற்கவும் மாட்டேன் என்கிறது. ஒரு நொடி பிசகாமல், பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கெடுத்தவரிடம் போய்க் கேட்டேன். "எதிர்ச் சுவர்ல ஒரு கண்ணாடி மாட்டு மாப்ள. அதுல பார்த்தா சரியா இருக்கும்" என்றார். அன்றைக்கே என் மனைவி கண்ணாடியை மாட்டிவிட்டாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. எட்டு மணி வேலைக்கு நான் இன்றும் கண்ணாடியைப் பார்த்துத்தான் கிளம்புகிறேன். இந்த வயிற்றெரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

அந்த அண்ணன், அதாவது என் மச்சான், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்ப்பவர். படுக்கை விரிப்பு, நோயாளிச் சட்டை, டாக்டர் அங்கி எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டிய நீராவி அந்த ஒரு பாய்லரிலிருந்துதான் வர வேண்டும். நான் அதே கூடத்தில் இஸ்திரி மிஷினில் நிற்பவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னை ஒருமையில் கூப்பிட்டவர், தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருப்பு. கூடத்தில் அவருக்குப் பெயரே பாய்லர்தான். நான் படித்தது ஐந்தாவது, அவர் ஆறாவது. அந்த ஒரு வகுப்பை வைத்துக்கொண்டே இருபது வருடம் என்னை மிரட்டியவர்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். பாய்லருக்கு இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று காப்பீடு செய்திருக்கிறது. அவர்களுடைய இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. பாய்லர் பார்க்கிறவர் அவரிடம் நேராக இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். ஏழு மாதத்தில் பரீட்சை. பாஸானால் பாய்லர் அவருக்கு. இல்லையென்றால் அழுக்குத்துணி பிரிக்கும் அறை.

மச்சான் திரும்பி வந்து, பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை மூன்று தடவை துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாளே செருப்புக்கடை மாடியில் இருந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. வகுப்புக்கு ஒரே ஒரு புத்தகம். உலகத்தை மாற்றிய கண்டுபிடிப்புகள் இருபது, பாடம் இருபது. ஒவ்வொரு பாடத்திலும் முதலில் அந்தச் சாமானின் கதை, பிறகு கொஞ்சம் இலக்கணம், பிறகு வீட்டிலும் கடையிலும் புழங்குகிற வார்த்தைகள் முப்பது.

இரண்டு வாரம் ஒன்றும் ஏறவில்லை. "படிக்கிறேன் மாப்ள. படிச்சு முடிச்சதும் எல்லாம் இறங்கிப் போயிடுது" என்றார். மூன்றாவது வாரம் என் சைக்கிளைக் காணோம். கொல்லைப்புறத்தில் போய்ப் பார்த்தால், சக்கரம் தனி, கம்பிகள் தனி, அச்சு தனி. நடுவில் மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியையும் கையில் எடுத்து, "ஸ்போக், ஸ்போக்" என்று ஜெபம் பண்ணுகிறார்.

"மச்சான், நான் வேலைக்கு எதுல போறது?"

"நடந்து போ. நடக்கிறதை எவனும் கண்டுபிடிக்கல. அதான் அதுக்குப் பாடம் இல்ல."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த மனுஷனுக்குக் கண்ணால் படித்தால் ஏறாது, காதால் கேட்டாலும் ஏறாது. சாமானைக் கழற்றி உறுப்பைக் கையில் பிடித்தால் அதன் பெயர் ஏறிவிடும். ஏறியது இறங்கவும் இறங்காது. அவர் பாய்லரைக் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். ஆனால் பாய்லர் ஆஸ்பத்திரிச் சொத்து. இது என் வீடு.

டெலிபோன் பாடத்தில் எங்கள் டெலிபோன் போனது. பல்ப் பாடத்தில் மூன்று நாள் இருட்டில் சாப்பிட்டோம். ஜிப் பாடத்தில், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட வைத்திருந்த என் ஒரே நல்ல கால்சட்டை போனது. மணமேடையில் நான் இரண்டு கையையும் முன்னால் தாழக் கோத்து நின்ற போட்டோவைப் பார்த்து எல்லோரும் என்ன பணிவு என்றார்கள். கடிகாரப் பாடத்தில் உள்ளே இருந்த ஒரு சின்னத் தகட்டைத் திருப்பிப் போட்டு மூடிவிட்டார். அதன் பலனை முதலிலேயே சொல்லிவிட்டேன். விமானப் பாடம் வந்த வாரம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம், விமானத்துக்கு எங்கே போவார் என்று. அவர் மின்விசிறியைக் கழற்றினார். "றெக்கைன்னா எல்லாம் றெக்கைதான்" என்றார்.

தையல் மிஷின் பாடத்துக்கு மட்டும் என் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"கொஞ்சம் எழுந்திரும்மா. அஞ்சே நிமிஷம்."

"அண்ணே, அந்தப் பாடத்துல பெயிலாப் போங்க. மத்த பத்தொன்பதுல பாஸ் பண்ணுங்க."

சாமான் போனது ஒரு பக்கம் என்றால், பேச்சு இன்னொரு பக்கம். புத்தகத்தில் எல்லாமே 'இது இன்னாரால் கண்டுபிடிக்கப்பட்டது' என்றுதான் ஆரம்பிக்குமாம். மச்சானும் அப்படியே ஆரம்பித்தார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைக் காட்டி, இது யாரால் கண்டுபிடிக்கப்பட்டது என்று இங்கிலீஷில் கேட்பார்.

"என்னாலதான்! பிடிக்கலைன்னா வெச்சிட்டு எழுந்திருங்க" என்பாள் தங்கை. ஏழு மாதம் இதையே கேட்டுக் கேட்டு, வகுப்புப் பக்கம் போகாத எங்களுக்கே அந்த மொழி அரைகுறையாகப் புரிய ஆரம்பித்துவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. சலவைக்கூடத்து ஆபீஸ் அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். கதவைச் சாத்தினாலும் மூடாது. என் இஸ்திரி மிஷின் அதை ஒட்டித்தான். உள்ளே மூன்று பேர்: மேனேஜர், நெட்டையான இன்ஸ்பெக்டர், மார்க் போட ஆபீஸ் அம்மா ஒருவர். மச்சான் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சவரம் பண்ணின முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மச்சான் எழுந்து நின்று சொன்ன இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன்.

"நான் ஒரு சின்ன ஊரில், ஒரு தபால்காரராலும் அவர் மனைவியாலும் கண்டுபிடிக்கப்பட்டேன். எனக்கு முன் இரண்டு மாதிரிகள் வந்தன. அவை வெற்றி பெறவில்லை. எனக்குப் பின் என் தங்கை கண்டுபிடிக்கப்பட்டாள். அது அதிகச் சத்தம் போடும் மாதிரி. இப்போது அதை அந்த ஆள் உபயோகிக்கிறார்."

கையை நீட்டிக் கண்ணாடி வழியாக என்னைக் காட்டினார். மூன்று பேரும் திரும்பினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இஸ்திரி மிஷினைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி: கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மச்சான் சொல்லிவிடுவார். ஆனால் இப்போது மேஜையைத்தான் பார்த்தார். அங்கே ஒரு பேனா, ஒரு தண்ணீர் டம்ளர், கொஞ்சம் காகிதம். கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. விரல்கள் காற்றில் எதையோ திருகின. ஆபீஸ் அம்மா பேனாவைத் தாளில் வைத்துக் கோடு போடத் தயாராகிவிட்டார். எனக்கு அழுக்குத்துணி அறையின் வாசனையே மூக்கில் அடித்தது. இஸ்திரி மிஷினை அணைத்தேன். என்ன வந்தாலும் வரட்டும் என்று தமிழில் ஒரு சத்தம் போட்டேன்.

"மச்சான்! அங்க என்ன உட்கார்ந்திருக்கீங்க? பாய்லர் இங்கதானே இருக்கு!"

மச்சான் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார். மேனேஜர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அவர் பின்னால் இன்ஸ்பெக்டர், அவர் பின்னால் ஆபீஸ் அம்மா, கடைசியில் நான். பாய்லர் அறைக்குள் போனதும் மச்சான் கண்ணாடிக் குழாயில் கையை வைத்தார். வைத்ததுதான் தாமதம், அணை உடைந்தது. முதலில் நெருப்பை அணைப்பேன். குளிர்ந்த தண்ணீரை உள்ளே விடவே மாட்டேன், விட்டால் வெடிக்கும். எல்லோரையும் வெளியே அனுப்புவேன், மேனேஜரைக் கடைசியாக. இங்கிலீஷ் ஏதோ குழாய் திறந்த மாதிரி வருகிறது.

மேலே உள்ள வால்வைக் காட்டினார் இன்ஸ்பெக்டர். "இது சேஃப்டி வால்வு. நானும் நீங்களும் சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்காக இது கண்டுபிடிக்கப்பட்டது" என்றார் மச்சான். அப்போதுதான் அந்த நெட்டை மனுஷன் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பம்பைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தார் அவர். தண்ணீர் ஏற்றும் பம்ப் இரண்டு உண்டு. ஒன்று ஓடும், ஒன்று சும்மா இருக்கும். மச்சான் ஸ்பேனரை எடுத்துச் சும்மா இருந்ததைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு உறுப்பாக எடுத்துப் பெயர் சொல்லி, பயன் சொல்லி, இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றி மேனேஜர் தோளில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். ஆபீஸ் அம்மா வாசலில் நின்றுகொண்டு கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் எழுந்தார். மச்சானின் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மூச்சு விடாமல், படபடவென்று, நீளமாக இங்கிலீஷில் ஏதோ பேசினார். மச்சான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நடுநடுவே "எஸ், எஸ்" என்றார். ஆபீஸ் அம்மா தாளில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷில் 'பாஸ்' என்கிற நான்கு எழுத்தை எனக்கே படிக்கத் தெரியும். மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

மச்சான் அவர்கள் வாசல் தாண்டும் வரை சிரித்த முகமாகவே நின்றார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ள, அந்த ஆளு கடைசியா என்ன சொன்னாரு?"

"உங்களுக்குப் புரியலையா?"

"ஒரு வார்த்தை புரியல. அவ்வளவு வேகமாப் பேசினா எதைப் பிடிக்கிறது? மேனேஜர் இன்னும் படி இறங்கியிருக்க மாட்டாரு. ஓடிப்போய் நான் பாஸா பெயிலான்னு கேட்டுட்டு வா. தமிழ்லயே கேளு."