பதினேழு அடித் திரை

எங்கள் அண்ணி எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள். மனிதர்களெல்லாம் அப்புறம். முப்பது வருஷமாகத் திரைச்சீலை தைப்பவள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, "இந்த ஜன்னலுக்குத் துணி பத்தல" என்று என் காதில் முணுமுணுத்திருக்கிறாள். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நான் அவளுடைய நாத்தனார். இருபது வருஷமாக அவள் கடையில் துணிக்கு ஓரம் அடிக்கிறேன். எங்களுக்குள் அப்படியொன்றும் ஒட்டுறவு கிடையாது. நான் வாயாடி, அவள் கல்லுளிமங்கி. என் அண்ணன் இருந்தவரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவன்தான் தூது போய்க்கொண்டிருந்தான். அவன் போன பிறகுதான், அவள் மனசில் கறுவுவதும் என் மனசில் கறுவுவதும் ஒன்றே என்று தெரிந்தது.

அண்ணனுக்கு இதயம் பலவீனம். வாரம் ஒருமுறை நகராட்சி மருத்துவமனையின் நாலாவது மாடிக்குப் போக வேண்டும். அங்கே லிஃப்ட் பதினொரு மாதமாக ஓடவில்லை. கதவில் 'பழுது' என்று எழுதி ஓர் அட்டை தொங்கியது. அது நைந்துபோனதும் புது அட்டை மாட்டினார்கள். அட்டைக்கு மட்டும் எங்கிருந்தோ காசு கிடைத்தது.

அண்ணி இரண்டு மனு எழுதினாள். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது: 'லிஃப்டைப் பழுது பார்க்க மதிப்பீடு தயாராக உள்ளது. எனினும் நகராட்சியின் கடன் சுமை அதிகரித்துள்ளதால் நிதிநிலை இடம் தரவில்லை. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் வைக்கப்பட்டுள்ளது. வருந்துகிறோம்.' கீழே கொள்முதல் அதிகாரியின் கையெழுத்து, வாலைச் சுழற்றிப் போட்டிருந்தார். எதைக் கேட்டாலும் பரிசீலிக்கிறேன் என்பதால் அந்த ஆளுக்கு ஊரில் 'பரிசீலனை' என்றே பெயர்.

அந்தக் கடிதம் வந்த மூன்றாவது வாரம் அண்ணனால் ஒரு படிகூட ஏற முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு ஊழியர்கள் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கினார்கள். "பாரு, ராஜா மாதிரி போறேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் தலை சாய்ந்துவிட்டது. டாக்டர் மேலேயிருந்து ஓடித்தான் வந்தார், பாவம், அவருக்கும் அதே படிக்கட்டுதான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணி அழவில்லை. கடைக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தாள். "இந்தக் கையெழுத்துப் போட்டவன் எனக்குப் பதில் சொல்லாம நான் சாக மாட்டேன்" என்றாள். அவள் அன்றைக்குப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

நகராட்சியின் வரவு செலவு அறிக்கையை யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். படிக்கத்தான் ஆள் கிடையாது. அண்ணி போனாள். "கடன் கடன்னு எழுதியிருக்கானே, எதுக்கு வாங்கினான்னு பாக்கணும்" என்றாள். ஊசி முனையால் வரிவரியாகத் தொட்டுப் படித்தாள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் நாற்பத்தாறாம் பக்கத்தில் ஊசி நின்றது. 'அலுவலக மேம்பாடு, திரைச்சீலைகள், கடன் நிதியிலிருந்து.' அந்தத் தொகையில் லிஃப்டை நாலு தடவை பழுது பார்த்திருக்கலாம்.

கடன் வாங்கித் திரை மாட்டியிருக்கிறார்கள். பிறகு அதே கடனைக் காட்டி, லிஃப்டுக்குக் காசில்லை என்று எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். என் அண்ணன் உயிர் போனது ஜன்னல் துணிக்காக என்று நினைத்தபோது அங்கேயே யார் சட்டையையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"கத்தாத. அந்த ஆபீசுக்கு அளவு எடுத்ததே நான்தான்."

உண்மைதான். இரண்டு வருஷம் முன்னால் பரிசீலனை அவளைக் கூப்பிட்டு மாதிரி அளவும் விலையும் கேட்டார். அந்த ஆபீஸ் வாசல் படிக்கட்டுச் சுவரில் ஒரே ஒரு பெரிய ஜன்னல் உண்டு, பதினேழு அடி உயரம். அதை ஒரு சீட்டின் முதல் வரியில் விலையோடு எழுதி, மற்ற அறைகளை இன்னொரு நாள் வந்து அளக்கிறேன் என்று கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம் உங்கள் விலை அதிகம் என்று சொல்லி வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய அளவு நோட்டில் அந்தத் தேதியும் அந்த ஒரு ஜன்னலும் அப்படியே இருந்தன.

பில்லின் நகல் வாங்க ஐந்து நடை நடந்தோம். படிவம் தவறு என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள், நகல் எடுக்கும் மெஷினில் மை இல்லை என்றார்கள். மை நானே வாங்கித் தருகிறேன் என்று நான் சத்தம் போட்ட பிறகு கிடைத்தது. ஏழு பக்கம். முதல் வரியில் அண்ணியின் சீட்டில் இருந்தது இருந்தபடியே இருந்தது: படிக்கட்டு ஜன்னல், உயரம் பதினேழு அடி. அதற்குக் கீழே வரிசையாக 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. இருநூற்றுப் பதினாலு ஜன்னல், அத்தனைக்கும் உயரம் மேற்படி. எழுதியவருக்குத் தலையை நிமிர்த்தி ஒரு ஜன்னலைப் பார்க்கக்கூட நேரமில்லை.

அண்ணி சிரித்தாள். அண்ணன் போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. தெருவென்றும் பார்க்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, எண்ணுவோம்" என்றாள்.

இரண்டு பேரும் அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அண்ணாந்து எண்ணினோம். எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. காவலாளி வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார்.

"ஜன்னல் எண்றோம்."

"எதுக்கு?"

"நாங்கதான் காசு கொடுத்திருக்கோம். சரியா வந்து சேந்துச்சான்னு பாக்க வேணாமா?"

காவலாளி யோசித்துவிட்டு, பின்பக்கம் கழிவறைகளுக்குச் சின்ன ஜன்னல்கள் ஒன்பது இருக்கின்றன, அதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் சேர்த்துத் தொண்ணூற்றேழுதான் வந்தது.

புதுக் கடன் வாங்கும் முன்பு நகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி. கூட்டம் நடப்பது கீழ்த்தளக் கூடத்தில், வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் அண்ணி நல்ல துணியாக எடுத்து வெட்டத் தொடங்கினாள். பில்லில் இருந்தபடியே பதினேழு அடி, மடிப்பு வைத்து, அடியில் கனத்துக்கு இரட்டை ஓரம்.

"கடைத் துணிய வீணடிக்கறீங்க அண்ணி."

"அவன் ஊர்த் துணிய வீணடிச்சிருக்கான். நீ ஓரம் அடி."

ஓரம் அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் ஓரம் அடித்ததில்லை.

கூட்டத்தன்று நகராட்சித் தலைவர் அறிக்கை வாசித்தார். கடன் ஏறிக்கொண்டே போகிறது, பங்கு போட்டால் ஒவ்வொருவர் தலையிலும் ஆயிரத்து அறுநூறு இருக்கிறது, எனினும் வளர்ச்சிக்காக இன்னும் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும் என்றார். பக்கத்தில் பரிசீலனை, முன்னால் தண்ணீர் டம்ளர், முகத்தில் தூக்கம். அண்ணி எழுந்தாள்.

"தலைக்கு ஆயிரத்து அறுநூறுன்னு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் போன வருஷம் உங்க ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல செத்துட்டார். அவர் தலையில இருந்தது இப்ப யார் தலையில இருக்கு?"

பரிசீலனை கண் விழித்தார். "அது சராசரிக் கணக்கும்மா. அப்படியெல்லாம் பாக்கக் கூடாது."

"சரி சார், பாக்கல. உங்க ரூம் ஜன்னல் எத்தனை அடி உயரம்?"

"அதெல்லாம்... பரிசீலிச்சுதான் சொல்லணும்."

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அண்ணி நாற்காலியைப் போட்டு, மேடைக்குப் பின்னால் இருந்த ஜன்னலின் கம்பி மேல் எட்டிக் கொக்கிகளை மாட்டத் தொடங்கினாள். நான் பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கம்பி எட்டடி உயரத்தில் இருந்தது. திரை தரையைத் தொட்டது. பையிலிருந்து இன்னும் வந்தது. மேடையில் பரவியது, தலைவரின் செருப்பை மூடியது, மேசை மேல் ஏறியது, பரிசீலனையின் டம்ளரைச் சாய்த்தது. தண்ணீர் அவர் மடியில் கொட்டியது.

"இது உங்க பில்லுல இருக்கற ஒரு ஜன்னல் சார். இன்னும் இருநூத்திப் பதிமூணு பாக்கி இருக்கு. இந்தக் கட்டடத்துல கழிவறைச் சின்ன ஜன்னலையும் சேத்துத் தொண்ணூத்தேழு ஜன்னல்தான். தரையில கெடக்குதே ஒம்பது அடி, இதுக்கும் நாங்கதான் வட்டி கட்டறோம்."

பில்லையும் அளவு நோட்டையும் தலைவர் முன்னால் வைத்தாள். பில்லின் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தும் இருப்பது தலைவருக்கு நினைவு வந்துவிட்டது போலும், கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. அன்று மாலையே பரிசீலனை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார், புதுக் கடன் தள்ளிப்போனது. நான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதத்தில் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். கதவு திறந்தது, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர், "எந்த மாடிம்மா?" என்றார்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

"அங்கெல்லாம் நிக்காதும்மா."

அண்ணி தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். கடைக்கு வந்த பிறகும் சுவரில் இருந்த கடிதத்தை எடுக்கவில்லை. அதுதான் முடிந்துவிட்டதே, எடுத்து வைத்துவிடலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியான நேரம். எங்கள் கடை மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். யாரோ நின்று நின்று ஏறி வரும் சத்தம் கேட்டது. வாசலில் பரிசீலனை. பாதியாக இளைத்திருந்தார், மூச்சு வாங்கியது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடந்தது. அண்ணி அதன் மேல் ஒரு துணிக்கட்டைத் தூக்கி வைத்தாள்.

"விசாரணை முடியப் போகுதும்மா. நடுவுல ரிட்டையர் ஆயிட்டேன், பென்ஷன நிறுத்தி வச்சிருக்காங்க. என் கைய நம்பித்தான் குடும்பமே இருக்கு" என்றார். "கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்ததுல நான் கையெழுத்துதான் போட்டேன். என் மேல உங்களுக்கு வருத்தம் இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா, பாதியாவது கெடைக்கும்னு சொல்றாங்க. நானும் இதயத்துக்கு மருந்து சாப்பிடறவன்மா."

கடைசியில் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை ஒரு கணம் நின்றது. அண்ணியைப் பார்த்தேன். அவள் எழுந்து சுவரிலிருந்து குண்டூசியைப் பிடுங்கி, கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாக வாசித்தாள்.

"'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் வைக்கப்பட்டுள்ளது. வருந்துகிறோம்.' உங்க எழுத்துதான சார்? இதையே வச்சுக்கங்க. நான் புதுசா எழுத ஒண்ணுமில்ல."

கடிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள். அவர் அழுதார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார். மெதுவா எறங்கிப் போங்க. எறங்கறது சுலபம்தான். எங்க வீட்டுக்காரருக்கு அதுக்குக்கூடக் கொடுத்து வைக்கல."

அவர் போனார். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுப் படிக்கட்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடியும் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே கதவு சாத்தப்பட்ட பிறகுதான் அண்ணி தலையை மெஷின் மேல் சாய்த்து, அண்ணன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.